அழ வைக்கும் பாட்டு... அணைத்துக் கொள்ளும் பாட்டு!

உங்களுக்கு எந்த மாதிரிப் பாட்டு பிடிக்கும் குட்டீஸ்? கேட்டவுடன் எழுந்து ஆட வைக்கும் பாட்டா? ஊஞ்சல் ஆடுவது போல இருக்கும் மெல்லிசையா? 'ஆட்டம் போட வைக்கும் பாட்டுதான்' என்று பெரும்பாலானவர்கள் கை தூக்குவீர்கள்.

சரி, இன்னொரு கேள்வி. கேட்கும்போதே தொண்டையை அடைக்கிற, கண்ணில் நீர் முட்டுகிற பாட்டு ஒன்றை, யாரும் பார்க்காத நேரத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதுண்டா? 'ஆமாம்' என்று சொல்ல வெட்கமாக இருக்கிறதா? வெட்கமே வேண்டாம். உங்கள் அக்காவும் அண்ணனும் அப்படித்தான். அம்மாவும் அப்பாவும் உங்கள் வயதில் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

அழுவது யாருக்கும் பிடிக்காது. ஆனால், அழ வைக்கும் பாட்டு பிடிக்கிறது. இது என்ன விந்தை? விடை தேடி ஒரு பயணம் போகலாமா? முதலில் நம்ம ஊர் செஞ்சி. அப்புறம், 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஜப்பான். கிளம்புங்கள்!

மூன்று மலை, ஒரு கோட்டை

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது செஞ்சி. பேருந்தில் போகும்போதே தூரத்தில் பாறை பாறையாக மலைகள் தெரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய கோட்டை இது. ஆங்கிலேயர்கள் இதைக் 'கிழக்கின் ட்ராய்' என்று அழைத்தார்கள்.

1677-இல் மராட்டிய மன்னர் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அதன்பிறகு மொகலாயப் படை இதை முற்றுகையிட்டது. 1690-இல் தொடங்கிய முற்றுகை முடிந்தது 1698-இல்! ஒரு கோட்டையைப் பிடிக்க இத்தனை ஆண்டுகள் என்றால், அது எவ்வளவு உறுதியான கோட்டை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அமைப்பு, மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருப்பவை. மீதி ஒன்று, நம்ம செஞ்சி!

இத்தனை பெருமை இருந்தாலும், செஞ்சி என்றதும் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் முதல் பெயர் சிவாஜி இல்லை. 'தேசிங்கு ராஜா' என்பார்கள். சில மாதங்களே ஆண்ட ஓர் இளைஞர் அவர். எப்படி அவர் பெயர் நிலைத்தது? ஒரு பாட்டினால்தான்!

22 வயது ராஜா

மொகலாயர்கள் செஞ்சியைப் பிடித்த பிறகு, அதை நிர்வகிக்கும் பொறுப்பு வட இந்தியாவின் புந்தேல்கண்டைச் சேர்ந்த சொரூப் சிங்கிடம் வந்தது. அவர் இறந்ததும் அவருடைய மகன் தேஜ் சிங் செஞ்சிக்கு வந்தார். 'தேஜ் சிங்' என்ற பெயர் நம் மக்கள் வாயில் 'தேசிங்கு' ஆகிவிட்டது.

அப்போது ஆற்காட்டை ஆண்டவர் நவாப் சாதத்துல்லா கான். கட்ட வேண்டிய கப்பப் பணம் பாக்கி இருக்கிறது என்று அவர் கேட்டார். தேசிங்கு மறுத்தார். போர் மூண்டது. நவாப்பிடம் பெரும் படை. தேசிங்கிடம் இருந்ததோ மிகச் சிறிய படை. 1714 அக்டோபரில் நடந்த அந்தப் போரில் தேசிங்கு வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது சுமார் 22. அவருடைய உயிர் நண்பர் மகபத்கானும் அதே போரில் இறந்தார்.

வரலாற்றுப் புத்தகத்தில் இது ஒரு சிறிய பகுதிதான். ஆனால், செஞ்சியைச் சுற்றியுள்ள மக்களால் இதைச் சிறிய செய்தியாக விட முடியவில்லை. பாடத் தொடங்கினார்கள்!

பாட்டு சேர்த்த கண்ணீர்

'தேசிங்கு ராஜன் கதை' என்ற அந்தக் கதைப்பாடல் வாய்வழியாகவே பரவியது. பிறகு 'பெரிய எழுத்து'ப் புத்தகமாக அச்சானது. கண் மங்கிய தாத்தாவும் விளக்கு வெளிச்சத்தில் படிக்கும்படி கொட்டை எழுத்தில் அச்சடித்து, மலிவு விலையில் விற்ற புத்தகங்கள் அவை. படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். தெருக்கூத்தாகவும் இந்தக் கதை ஊர் ஊராகப் போனது. 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' திரைப்படமும் வந்தது.

பாட்டில் வரும் கதையும் வரலாறும் அப்படியே ஒத்துப் போகாது. பாட்டில், யாராலும் அடக்க முடியாத குதிரையைச் சிறுவன் தேசிங்கு டில்லிக்குப் போய் அடக்கி, சிறையில் கிடந்த தந்தையை மீட்பான். அந்தக் குதிரைதான் பாராசாரி. நண்பனின் குதிரைக்குப் பெயர் நீலவேணி. குதிரைகளின் பெயரைக்கூட மறக்காத பாட்டு அது!

அந்தப் பாட்டில் கேட்பவரை உலுக்கும் இடம் ஒன்று உண்டு. நண்பனுக்குக் கல்யாணம். மணக்கோலத்தில் இருக்கிறான். அந்த நேரத்தில் தேசிங்கிடமிருந்து போர்ச் செய்தி வருகிறது. நண்பன் என்ன செய்தான் தெரியுமா? கல்யாணத்தை அப்படியே விட்டுவிட்டுக் குதிரையில் ஏறினான். ராஜா ஒரு மதம், நண்பன் ஒரு மதம். பாட்டு அதைப் பற்றிக் கவலையே படவில்லை. 'இரண்டு பேரும் நண்பர்கள்' என்பது மட்டும்தான் அதற்கு முக்கியம். செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் நீலாம்பூண்டியில் நண்பனின் சமாதி இருப்பதாக அந்தப் பகுதி மக்கள் சொல்வார்கள்.

இன்னோர் இடம். செஞ்சிக்கு அருகே சிங்கவரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த ரங்கநாதர் கோயில் இருக்கிறது. பல்லவர் காலத்துக் கோயில். அங்கே பள்ளிகொண்ட பெருமாளின் தலை சற்றே திரும்பியபடி இருக்கும். அது ஏன் என்பதற்கு மக்கள் ஒரு கதை சொல்கிறார்கள். போருக்குப் புறப்பட்ட தேசிங்கு, பெருமாளிடம் விடைபெற வந்தாராம். அவருக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்த பெருமாள், பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக் கொண்டாராம்! போர் முடிந்து பல ஆண்டுகள் ஆனபிறகும் தங்களுக்கு இருந்த துயரத்தை, மக்கள் அந்தக் கல் முகத்தில் கண்டிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும் குட்டீஸ். தேசிங்கு இறந்ததும் அவருடைய ராணி அந்தக் காலத்து உடன்கட்டை வழக்கப்படி சிதையில் உயிர்விட்டார் என்கிறது கதை. அவர் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்ற ஊர் உருவானது என்றும் சொல்வார்கள். அந்தக் கொடிய வழக்கத்தை 1829-இல் வங்காளத்திலும், 1830-இல் சென்னை மாகாணத்திலும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஒரு பாட்டு நம்மை அழ வைக்கிறது என்பதற்காக, அதில் நடக்கும் எல்லாமே சரியென்று ஆகிவிடாது. அழுதபடியே, 'இது நடந்திருக்கக் கூடாது' என்று நினைக்கவும் நமக்குத் தெரிய வேண்டும்.

இரவெல்லாம் அழும் ஊர்

செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்துவிட்டால், பகலில் பாரதக் கதை, இரவில் தெருக்கூத்து. அபிமன்யு இறக்கும் கூத்து நடக்கும் இரவில் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். அபிமன்யுவுக்கு 16 வயதுதான். சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது. கதையின் முடிவு உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். போன வருடமும் பார்த்திருப்பார்கள். இருந்தாலும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள்.

வட மாவட்டங்களில், இறந்தவருக்காகச் செய்யும் காரியத்தின் போது 'கர்ண மோட்சம்' கூத்து வைக்கும் வழக்கமும் உண்டு. ஏற்கெனவே துக்கத்தில் இருக்கும் வீட்டில், கர்ணனின் துக்கத்தையும் ஏன் காட்டுகிறார்கள்? நம் கேள்வி மறுபடியும் வந்துவிட்டது பார்த்தீர்களா? விடை கிடைக்க வேண்டுமென்றால் இன்னொரு நாட்டையும் பார்த்துவிட வேண்டும். கேட்பவரின் சோகத்துக்குத் துணையாகப் பாட்டு எழுதுவதில் கைதேர்ந்தவர்கள் ஜப்பானியர்கள். அதிலும் உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கென்றே அங்கே பாட்டுகள் இருக்கின்றன!

மேலே பார்த்து நடந்தவர்

1961. கியூ சகமோட்டோ என்ற 19 வயதுப் பாடகர் ஒரு பாட்டுப் பாடினார். பாட்டின் பெயர் 'உவே ஓ முயிதே அருகோ'. 'மேலே பார்த்தபடி நடப்போம்' என்று பொருள். எதற்காக மேலே பார்க்க வேண்டும்? கண்ணில் நிறைந்த நீர் கீழே சிந்திவிடக் கூடாதே, அதற்காக!

வரிகள் இவ்வளவு சோகம். மெட்டோ துள்ளல்! நடுவில் விசில் வேறு! அழுகையை அடக்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல விசிலடித்தபடி வீட்டுக்கு நடக்கும் ஒரு பையன் கண்முன்னே தெரிவான்.

1963-இல் இந்தப் பாட்டு அமெரிக்காவின் 'பில்போர்டு' பட்டியலில் முதலிடம் பிடித்து, மூன்று வாரம் அங்கேயே இருந்தது. இத்தனைக்கும், அதைக் கேட்ட அமெரிக்கர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. பாட்டின் பெயர் வாயில் நுழையவில்லை என்று வெளிநாட்டில் 'சுகியாகி' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். சுகியாகி என்றால் என்ன தெரியுமா? இறைச்சியும் காய்கறியும் சேர்த்துச் செய்யும் ஒரு ஜப்பானியச் சாப்பாடு! கண்ணீர்ப் பாட்டுக்குக் குழம்பின் பெயரை வைத்தது போல ஆகிவிட்டது. பெயர் மாறினால் என்ன? பாட்டு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது.

15 வயதுக்கு ஒரு கடிதம்

ஜப்பானில் என்.எச்.கே. என்ற ஒலிபரப்பு நிறுவனம் 1932-லிருந்து பள்ளிகளுக்கு இடையே சேர்ந்திசைப் போட்டி நடத்தி வருகிறது. 2008-ஆம் ஆண்டுப் போட்டியில், நடுநிலைப் பள்ளி மாணவர்கள் எல்லோரும் பாட வேண்டிய பாட்டை ஆஞ்சலா அகி என்ற பாடகி எழுதி இசையமைத்தார். பாட்டின் பெயர் 'தெகாமி'. அதாவது, கடிதம்.

இந்தப் பாட்டு பிறந்த கதை சுவையானது. ஆஞ்சலா தன் பதின்வயதில், எதிர்காலத்து ஆஞ்சலாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய 30-ஆவது பிறந்தநாளில் அவருடைய அம்மா அந்தக் கடிதத்தை அவருக்கு அனுப்பி வைத்தார். படித்தால், அதில் முழுக்க முழுக்க அந்த வயதுக் கவலைகள்! பாட்டின் முதல் பகுதியில், யாரிடமும் சொல்ல முடியாத வேதனையைத் தன் எதிர்காலத்துக்கு எழுதுகிறது 15 வயதுப் பிள்ளை. அடுத்த பகுதியில், பெரியவராகிவிட்ட அதே ஆள் பதில் எழுதுகிறார்.

அந்தப் பதிலில் 'எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதே' என்ற பொய் இல்லை. பெரியவர்களானாலும் மனம் காயப்படும், தூங்காத இரவுகள் வரும் என்று நேர்மையாகச் சொல்கிறார். அதனால்தான் பிள்ளைகள் அதை நம்பினார்கள்.

ஆசிரியர்கள் கொடுத்த பரிசு

ஜப்பானில் பள்ளி ஆண்டு மார்ச்சில் முடியும். நடுநிலைப் பள்ளியை முடிக்கும் பிள்ளைகளுக்கு 15 வயது இருக்கும். அடுத்து ஆளுக்கொரு பள்ளிக்குப் பிரிந்து போவார்கள். அந்தப் பிரிவு விழாவில் பாடாமல் யாரும் பிரிவதில்லை.

சைதாமா மாநிலத்தில் சிச்சிபு என்ற ஊர். அங்கே காகேமோரி நடுநிலைப் பள்ளி. பிள்ளைகள் அடங்காமல் திரிந்த பள்ளி அது. தலைமை ஆசிரியர் நொபோரு கோஜிமா, 'பாட்டுச் சத்தம் கேட்கும் பள்ளியாக இதை மாற்றுவோம்' என்று முடிவெடுத்தார். இசை ஆசிரியையோடு சேர்ந்து பிள்ளைகளை மெல்ல மெல்லப் பாட வைத்தார். 1991-இல், படிப்பை முடித்துப் போகும் மாணவர்களுக்குப் பரிசாக ஏதாவது தர வேண்டுமென்று இசை ஆசிரியைக்குத் தோன்றியது. பாட்டு எழுதித் தரும்படி தலைமை ஆசிரியரிடம் கேட்டார். மறுநாள் காலையில் அவருடைய மேசை மேல் வரிகள் தயாராக இருந்தன! ஆசிரியை உடனே மெட்டுப் போட்டார். பிரிவு விழாவில், மாணவர்கள் எதிர்பாராத நேரத்தில் ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து நின்று பாடினார்கள்.

அந்தப் பாட்டுதான் 'தபிதாச்சி நோ ஹி நி'. 'புறப்படும் நாளில்' என்று பொருள். ஒரு பள்ளிக்காக எழுதிய பாட்டை, பின்னாளில் ஜப்பான் முழுக்கப் பள்ளிகள் பிரிவு விழாவில் பாடத் தொடங்கின.

சரி, ஏன் பிடிக்கிறது?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே சந்தேகம் வந்தது. 44 பேருக்குச் சோக இசையைப் போட்டுக் காட்டி, என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். 2013-இல் அந்த ஆய்வு வெளியானது. இசை சோகமாக இருப்பது எல்லோருக்கும் புரிந்தது. ஆனால், அந்த அளவுக்கு அவர்கள் சோகப்படவில்லை. கூடவே ஒரு இதமும் இருந்ததாம்!

எப்படி? வண்டலூர் பூங்காவில் புலி பார்த்திருப்பீர்கள். காட்டில் அது எதிரே வந்தால் ஓட்டம் பிடிப்போம். பூங்காவில் அகழிக்கு அந்தப் பக்கம் நிற்பதால், பயமில்லாமல் அதன் கண்ணையும் கோடுகளையும் ரசிக்கிறோம். பாட்டில் வரும் சோகமும் அகழிக்கு அந்தப் பக்கம் நிற்கும் புலிதான். நம்மைக் கடிக்காது. அதனால் நின்று நிதானமாகப் பார்க்கலாம். நமக்கும் இதே சோகம் வந்தது உண்டே என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பதின்வயதில் இது இன்னும் அதிகம். உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப் பகுதிகள் சீக்கிரம் சுறுசுறுப்பாகிவிடும். அவற்றுக்குக் கடிவாளம் போடும் முன்பகுதி நிதானமாக, 20 வயது தாண்டியும் வளர்ந்து கொண்டிருக்கும். பாராசாரிக் குதிரை தயார், கடிவாளம் தயாராகவில்லை! தோழி பேசவில்லை என்றால் உலகமே இடிந்தது போல இருப்பது அதனால்தான். அதைச் சொல்லலாம் என்றால் வார்த்தை கிடைக்காது. கிடைத்தாலும் 'இதுக்குப் போயா அழறே?' என்று யாராவது கேட்டு விடுவார்கள். பாட்டு அப்படிக் கேட்பதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'எனக்கும் அப்படித்தான் இருந்தது' என்று சொல்கிறது.

துக்க வீட்டில் கர்ணன் கூத்து நடப்பதும் இதற்காகத்தான் என்று தோன்றுகிறது. 'உனக்கு மட்டும் வந்த துன்பமில்லை இது. கர்ணனுக்கும் வந்தது. ஊரே உன்னோடு உட்கார்ந்து அழுகிறது' என்பதை வேறு எப்படிச் சொல்வது? நம் தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது சிரிப்புக்கு அடுத்ததாகவே அழுகையை வைத்திருக்கிறது. சிரிப்புக்கு இருக்கும் மரியாதை அழுகைக்கும் உண்டு!

பாட்டு வகுப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு துணுக்கு: ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்களில் அமைந்த நம் மோகன ராகம் தெரியுமல்லவா? ஜப்பானியப் பாட்டுகள் பலவும் இதே ஐந்து சுரங்களில் அமைந்தவைதான். அதில் 'க'வை மட்டும் சற்றே இறக்கிப் பாடுங்கள். சிவரஞ்சனி வந்துவிடும்! ஒரே ஒரு சுரம்தான் மாறுகிறது. கேட்பவர் மனமே மாறிவிடுகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

செஞ்சிக் கோட்டைக்குத் தொல்லியல் துறையின் காவல் இருக்கிறது. இப்போது உலகப் பாரம்பரியப் பட்டயமும் கிடைத்துவிட்டது. தேசிங்கின் பாட்டுக்கு? பாடுகிறவர் வாயும் கேட்கிறவர் காதும்தான் அதற்குக் கோட்டைச் சுவர். உங்கள் தாத்தா, பாட்டிக்கு இப்படி ஏதாவது ஒரு கதைப்பாட்டு தெரிந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள். தேசிங்கு பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தாலாட்டோ, நடவுப் பாட்டோ, எதுவானாலும் சரி. அவர்கள் பாடும்போது கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். யார், எந்த ஊர், எந்த வயதில் கற்றார் என்பதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டாவதாக, ஆஞ்சலா செய்ததை நீங்களும் செய்யலாம். 30 வயது 'உங்களுக்கு' ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அம்மாவிடமோ ஆசிரியரிடமோ பத்திரமாகக் கொடுத்து வையுங்கள்.

மூன்றாவது, மிக முக்கியமானது. சோகப் பாட்டு கேட்டு அழுதால், கொஞ்ச நேரத்தில் மனசு லேசாக வேண்டும். மழை பெய்து விட்டது போல. அப்படி விடாமல், நாள்கணக்கில் மனம் கனத்தே கிடந்தால், சாப்பாடும் விளையாட்டும் பிடிக்காமல் போனால், பாட்டோடு மட்டும் இருந்துவிடாதீர்கள். நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 1098 என்ற சிறார் உதவி எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது. எந்த நேரமும் பேசலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வகுப்பில் யாராவது தனியாக உட்கார்ந்து ஜன்னல் வழியே மேலே பார்த்துக் கொண்டிருந்தால், வானத்தைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கண்ணீர் சிந்தாமல் இருக்கவும் மேலே பார்க்கலாம், இல்லையா? பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒன்றும் பேசக்கூட வேண்டாம். கல்யாணப் பந்தலிலிருந்தே நண்பனுக்காகக் குதிரை ஏறிய கதை நம் செஞ்சியில் இருக்கிறது. ஒரு பெஞ்சு தள்ளி உட்கார உங்களால் முடியாதா என்ன!